மாற்று சிலிண்டர் இருக்கிறதா?

சௌந்தரம் ஃபில்டரைக் கழற்றப் போயிருக்கிறாள். போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், அணைக்கவில்லை, அணைக்காதீங்க அம்மா என்று நான்தான் சொன்னேன், அதனால் அறந்தாங்கிக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் அந்த அறை மொத்தமும் இப்போது சென்னையில் என் காதுக்குள் கிடக்கிறது. கோளாறு என்று மெஷின் கத்துகிற கீ கீ சத்தம். அதற்கு அந்தப் பக்கம் ஒரு காகம். எங்கோ குக்கர் விசில். இவை எல்லாவற்றுக்கும் கீழே, தரையோடு தரையாக, ஒரு மூச்சு. ஈரத்துணியை மெல்லக் கிழிப்பதுபோல ஒரு மூச்சு. அது அவளுடைய கணவர். அருணகிரி என்று திரையில் இருக்கிறது. ரைஸ்மில்லில் உமித்தூசிக்கு நடுவே ஆயுசைக் கழித்தவர், நுரையீரல் போய்விட்டது, எங்கள் கம்பெனி வாடகைக்கு விடுகிற ஆக்சிஜன் மெஷினில்தான் போன வருஷத்திலிருந்து மூச்சு விடுகிறார். மெஷின் மக்கர் பண்ணினால் ஆட்கள் போன் செய்வார்கள். நாங்கள் இந்த ஹாலில் வரிசையாக உட்கார்ந்து எடுப்போம். என் பெயர் வாசுகி. நான் ஒன்றையும் தொட்டுப் பார்ப்பதில்லை, கேள்வி கேட்பதுதான் என் வேலை. கேள்விகள் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும், பதிலை அமுக்கினால்தான் அடுத்தது திறக்கும். முதல் கேள்வி, நோயாளிக்கு மூச்சுத் திணறல் உள்ளதா. கேட்டேன். "எப்பவும்போலத்தான்த்தா இருக்காரு." அடுத்தது, மாற்று சிலிண்டர் இருக்கிறதா. கேட்டேன். "இருக்குத்தா, மூலையில நிக்கிது." ஆம் என்று அமுக்கினேன். அதன்பிறகுதான் பிளக், அதன்பிறகு தண்ணீர் பாட்டில், இப்போது ஃபில்டர். மெஷினின் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு, அதற்குள் கறுப்பு ஸ்பாஞ்ச். சொல்ல எளிதாக இருக்கிறது. அவளுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும், குனிவதற்கு ஒரு முனகல், நிமிர்வதற்கு ஒரு முனகல், இரண்டும் கேட்கிறது. ஏசி என் கழுத்தில் அடிக்கிறது. என்னால் அந்தக் கதவைத் திறக்க முடியாது. முடிந்தால் ஒரு நொடியில் திறந்துவிடுவேன், என் விரல்களுக்கு அந்தக் கதவு நன்றாகத் தெரியும், பயிற்சியின்போது எத்தனையோ தடவை திறந்து மூடியிருக்கிறேன். கீ கீ. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. அந்த மூச்சு மட்டும் முதலில் கேட்டதைவிடக் கொஞ்சம் கிட்டத்தில் கேட்கிறது, அல்லது போன் நகர்ந்திருக்கலாம், ஆமாம், போன் சரிந்திருக்கும்.

பயிற்சி கொடுத்தவர் எங்களுக்குச் சொன்னார், பிரச்சினையை முழுசாப் பாக்காதீங்க, முழுசாப் பாத்தா பயம் வரும், துண்டு துண்டா வெட்டுங்க, ஒரு துண்ட முடிச்சிட்டு அடுத்த துண்டு, நடுவுல எதையும் தாண்டாதீங்க. எனக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. சொல்லப்போனால் அப்படித்தான் நான் பள்ளிக்கூடத்தையே தாண்டினேன். கணக்கில் எனக்கு விடை வரவே வராது. ஆனால் வழி எழுதிவிடுவேன், கொடுக்கப்பட்டவை, கண்டுபிடிக்க வேண்டியது, சூத்திரம், பிரதியிட, எனவே, எனவே, எனவே. கடைசியில் ஒரு தப்பான எண். அகிலா டீச்சர் சிவப்பு மையில் அந்த எண்ணை மட்டும் சுழித்துவிட்டு மற்றதற்கெல்லாம் மார்க் போட்டுவிடுவார்கள். விடை தப்பானா என்னடி, வழி சரி, வழிக்கு மார்க் உண்டு. எனக்கு அப்போது என்ன ஒரு நிம்மதி. விடை யார் கையில் இருக்கிறதோ இருக்கட்டும், வழி என் கையில் இருக்கிறது. அந்தத் தப்பான எண்ணில் ஒரு பாலம் கட்டியிருந்தால் என்ன ஆகும் என்று அந்த வயதில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை, இப்போது ஏன் கேட்கிறேன், இப்போது கேட்கிற நேரமா இது. கட்டில் கிறீச்சிட்டது. "ஆத்தா, எடுத்துட்டேன். ஒரே அழுக்கு." உதறுங்கம்மா, உதறிட்டு அப்படியே மாட்டுங்க. "கழுவ வேணாமா?" வேணாம்மா, ஈரமா மாட்டக்கூடாது. உதறுகிறாள், கேட்கிறது. இருமுகிறாள். மாட்டுகிறாள். சத்தம் நிற்கவில்லை. "கத்திக்கிட்டேதான்த்தா இருக்கு." சரிம்மா, பரவாயில்ல. பரவாயில்லை என்ற சொல் எனக்கு எங்கிருந்து வந்தது, எதற்குப் பரவாயில்லை. அடுத்தது டியூப். மூக்கிலிருந்து மெஷின்வரை டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா, கட்டில் காலுக்கடியில் நசுங்கியிருக்கிறதா, கையாலேயே தடவிக்கொண்டு போங்க. "சரித்தா." போகிறாள். தடவிக்கொண்டு போகிறாள். பாம்பைத் தடவுவதுபோல மெதுவாகப் போவாள் என்று நினைக்கிறேன். நான் காத்திருக்கிறேன். காத்திருக்கும்போதெல்லாம் எனக்குக் கதிரேசன் ஞாபகத்தில் வந்துவிடுவார்.

வேலை போன பிறகு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், ஆர்டர் இல்லை என்று ஒரு பகுதியையே மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்காமல் இல்லை, அவர் தேடவில்லை. என் கணவர், இந்த ஊரிலேயே எனக்கு உறவென்று இருந்த ஒரே மனுஷன், பகலெல்லாம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நான் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே கேட்க ஆரம்பிப்பேன். சாப்பிட்டீங்களா. தூங்கினீங்களா. தலைவலியா. வெளியே போனீங்களா. யாராவது ஏதாவது சொன்னாங்களா. ஒன்று இல்லையென்றால் அடுத்தது. டாக்டரிடம் போகலாமா. மாத்திரை போட்டீங்களா. மாத்திரை ஒத்துக்கலையா. எங்கேயோ ஒரு மடிப்பு இருக்கும், அதைக் கண்டுபிடித்து நீவிவிட்டால் காற்று ஓடும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். ஒருநாள் சுவரைப் பார்த்தபடியே சொன்னார், "வாசு, ஒரே ஒரு தடவ, எதுவும் கேக்காம பக்கத்துல உக்காரேன்." உட்கார்ந்தேன். சத்தியமாக உட்கார்ந்தேன். அவர் முதுகு ஏறி இறங்கியது. பனியனில் தோளுக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை. தெருவில் கோலமாவுக்காரர் கூவிக்கொண்டு போனார். இப்படி உட்கார்ந்தால் இவர் இப்படியே இருந்துவிடுவாரே, நான் எதுவும் செய்யாமல் இருக்கிறேனே, நேரம் போகிறதே. கேட்டுவிட்டேன். "இப்ப எப்படி இருக்கு?" அவர் சிரித்தார். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். பொங்கலுக்கு ஆம்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போனவர் அங்கேயே இருந்துவிட்டார். அங்கே அண்ணனோடு சேர்ந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறாராம். நன்றாகச் சாப்பிடுகிறாராம். அண்ணன் எதுவும் கேட்கமாட்டார், அவருக்குக் காது மந்தம்.

"மடங்கலைத்தா. எல்லாம் நேராத்தான் இருக்கு." சௌந்தரத்தின் குரலில் மூச்சிரைப்பு. அவளுக்கா, பின்னால் அவருக்கா, இரண்டும் கலந்துவிட்டது. சரிம்மா என்றேன், சரியில்லை. மூக்கில் வைத்தால் காற்று வருகிறதா என்று கேட்டேன், அது வரிசையில் இருக்கிறது. "வருது, ஆனா எப்பவும்போல இல்ல. சவண்டுபோய் மெதுவா வருது. காலையிலேருந்தே அப்பிடித்தான், ஃபேனுகூட பாருங்க, ஆடி அசைஞ்சு சுத்துது." என் கை விசைப்பலகைமேல் நின்றுவிட்டது. ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. அப்படியானால் மெஷினில் ஒன்றுமில்லை. ஃபில்டரில் ஒன்றுமில்லை, டியூப்பில் ஒன்றுமில்லை, தண்ணீர் பாட்டிலில் ஒன்றுமில்லை. கரண்ட் குறைவாக வருகிறது, அவ்வளவுதான். அந்தத் தெருவுக்கே குறைவாக வருகிறது. நான் இத்தனை நேரமாக ஒரு கிழவியைக் குனியவும் நிமிரவும் வைத்துக்கொண்டிருந்தேன். மின்சாரத்தைப் பற்றிய கேள்வி வரிசையில் இருக்கிறது, இல்லாமல் இல்லை, ஆனால் அது இன்னும் கீழே இருக்கிறது, அதுவரை நான் போகவில்லை. வேகவேகமாக அமுக்கிக்கொண்டு கீழே போனேன். மின்னழுத்தம் குறைவாக இருந்தால் நோயாளியை மாற்று சிலிண்டருக்கு மாற்றிவிட்டு மெஷினை அணைக்கவும். அப்பாடா என்றிருந்தது. இதோ இருக்கிறது, இதற்கும் ஒரு படி இருக்கிறது. "அம்மா, நல்லாக் கேளுங்க. மூலையில சிலிண்டர் இருக்குன்னீங்கல்ல, டியூப்ப அதுல மாட்டுங்க. மேல ஒரு சாவி இருக்கும், இடது பக்கமாத் திருப்புங்க." மூலையில் இரும்பை விரலால் தட்டுகிற சத்தம். "அம்மா?" "அது காலித்தா." எனக்குக் காது கேட்டது, அர்த்தம் உள்ளே போகவில்லை. "காலியா? இருக்குன்னு சொன்னீங்களேம்மா." "இருக்கு. நிக்கிது. போன மழையில கரண்டு போனப்ப தீந்துருச்சு. நிரப்ப ஆளு வரேன்னு சொல்லிட்டு வரலை. நீங்க இருக்கான்னுதானே கேட்டிய?" குற்றமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஏதோ வேறு நல்ல காரணத்துக்காகத்தான் அப்படிக் கேட்டிருப்பேன் என்ற நம்பிக்கை அந்தக் குரலில் இருந்தது.

அப்போது மெஷின் நின்றது. கீ கீயும் நின்றது. அந்தச் சத்தம் நின்றால் போதும் என்று இவ்வளவு நேரம் நான் கேட்டுக்கொண்டிருந்தேனே, நின்றுவிட்டது, மொத்தக் கரண்டும் போய்விட்டது. அறை திடீரென்று பெரிதானதுபோல இருந்தது, அதன் நடுவில் அந்த மூச்சு. இருக்கையிலிருந்து எழுந்துவிட்டேன், ஹெட்போன் வயர் இழுத்துப் பிடித்தது. எங்கள் பகுதிக்குப் பொறுப்பான தினகர் அடுத்த வரிசையில் நின்றுகொண்டிருந்தான். மைக்கை மூடாமலே கத்தினேன், "தினகர், நூத்தியெட்டுக்குப் போடு, அட்ரஸ் ஸ்கிரீன்ல இருக்கு, பேஷன்ட்டுக்கு ஆக்சிஜன் இல்ல." அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஓடிவந்து திரையைப் பார்த்துக்கொண்டே தன் மொபைலில் அடித்தான். முகவரியை இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "அம்மா, ஆம்புலன்ஸ் வருது. பக்கத்துல யார் இருக்காங்க?" "மெகருன்னிசா இருக்கு, எதுத்த வூடு." போய்க் கூப்பிடுங்க, அவங்கள ரோட்டுக்கு அனுப்புங்க, வண்டிக்கு வழி காட்டணும், ஓடுங்கம்மா. "இவர விட்டுட்டா?" நான் இருக்கேன்மா என்றேன். எங்கே இருக்கிறேன்? அவள் நம்பினாள். போனை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு, "இந்தப் புள்ள பேசுது, கேளுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். வெறுங்கால் ஓட்டம் சிமெண்டுத் தரையில் தபதபவென்று தேய்ந்து மறைந்தது.

இப்போது நானும் அவரும். ஐயா, என்றேன். மூச்சு. ஐயா, நிமிர்ந்து உக்காருங்க, முன்னால சாஞ்சுக்குங்க, உதட்டக் குவிச்சு ஊதுங்க, விளக்கை ஊதுற மாதிரி, மெதுவா. இதுவும் படித்துவைத்ததுதான். கட்டில் ஆடியது, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை என்று நினைக்கிறேன், ஒரு கை பலகையில் தட்டிய சத்தம், பிறகு ஏதோ பாத்திரம் உருண்டு விழுந்தது. அதைப் பிடிக்கவும் எனக்குக் கை இல்லை. "யாரு," என்றார். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை மூச்சு செலவானதோ. வாசுகி, ஐயா. பேசாதீங்க. "எந்த... ஊரு." கடவுளே, இந்த மனுஷனுக்கு மூச்சில்லை, என்னிடம் ஊர் கேட்கிறார். பேசாதீங்க ஐயா, பேசினா மூச்சு வீணாகும். இறங்குகிறது, ஏறுகிறது, நடுவில் ஒரு இடைவெளி, அந்த இடைவெளியில் என் நெஞ்சும் நின்று பார்த்துவிட்டுப் பிறகு நகர்கிறது. திரையில் இன்னும் கேள்விகள் இருந்தன. இவரிடம் கேட்க எதுவும் இல்லை. எப்படி இருக்கு என்று நாக்குவரை வந்தது, அடக்கிக்கொண்டேன், எப்படி இருக்கிறது என்பதுதான் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறதே. "நீ... பேசு," என்றார். என்ன பேசுவது? வரிசை இல்லாமல் நான் யாரிடமும் பேசிப் பல நாளாகிறது. எனக்கு செய்யாறு பக்கம் ஐயா, என்றேன். ஊருக்கு வெளியே ஒரு ஏரி, கோடையில வத்திப்போச்சுன்னா நடுவுல நடந்தே அந்தக் கரைக்குப் போயிடலாம். எங்க ஊர்லயும் ரைஸ்மில் உண்டு ஐயா, சாயங்காலம் சங்கு ஊதும், அதக் கேட்டுத்தான் எங்கம்மா அடுப்பு பத்தவைப்பாங்க. வீட்டுக்காரர் ஆம்பூர்ல இருக்காரு. சண்டையெல்லாம் இல்ல. அவருக்கு மனசு சரியில்ல, என்னால சரிபண்ண முடியல. மாட்டுக்குத் தண்ணி காட்டுறாராம். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. தினகர் எனக்குப் பின்னால் நின்றிருந்தான், பக்கத்து இருக்கைப் பெண் தன் அழைப்பை முடித்துவிட்டு என்னையே பார்த்தாள், என் முகமெல்லாம் நனைந்திருந்தது. நிறுத்தினால் அவர் மூச்சும் நின்றுவிடும் என்று ஒரு பயம், மடத்தனமான பயம், அதை விட முடியவில்லை. ஆகவே மாட்டைப் பற்றிச் சொன்னேன், அந்த மாட்டை நான் பார்த்ததுகூட இல்லை, செவலை மாடு ஐயா என்றேன், நெத்தியில வெள்ளைச் சுட்டி. அவரிடமிருந்து "ம்" என்று ஒன்று வந்தது. அல்லது அது மூச்சுதானோ. கேட்டுக்கொண்டிருந்தாரா, போய்க்கொண்டிருந்தாரா, எனக்கு எப்படித் தெரியும்? தொட்டுப் பார்க்கிற தூரத்தில் ஒருத்தர்கூட இல்லை. விரலை நீட்டினால் எனக்கு முட்டுவது கண்ணாடித் திரைதான்.

பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தது. வாசலில் சத்தம், பல கால்கள், ஆண் குரல்கள், தூக்குங்க தூக்குங்க, தலையைப் பிடி, மாஸ்க்க வை, இந்தம்மாவ விலகச் சொல்லு. சௌந்தரம் ஏதோ சொன்னாள், புரியவில்லை, அவர் பெயரைச் சொல்லாமல் "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்றுமட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் "ஹலோ, ஹலோ" என்றேன், யாருக்கு அதைக் கேட்க நேரம். ஸ்ட்ரெச்சரின் இரும்பு மடங்குகிற ஒலி. கால்கள் தூரம் போயின. வண்டியின் சைரன் கிளம்பித் தெரு முனையில் திரும்பியது, திரும்பியதுகூடக் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. போனை யாரும் எடுக்கவில்லை. காகம்கூட இல்லை. "கட் பண்ணிடு வாசுகி, அவ்ளோதான், வண்டி வந்துருச்சுல்ல," என்றான் தினகர், தோளைத் தொட வந்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலி முதுகில் வைத்துக்கொண்டான். எங்களுக்கு ஒரு விதி உண்டு, அழைத்தவர் வைக்காமல் நாங்கள் வைக்கக்கூடாது. அதைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையில் அந்த அறையை விட்டு வர எனக்குத் தெரியவில்லை. காலி அறை எப்படி இவ்வளவு சத்தம் போடும். எங்கோ தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அவர் உயிரோடு போனாரா? மாஸ்க் வைத்தார்கள், உயிர் இல்லாதவருக்கு மாஸ்க் வைப்பார்களா, வைப்பார்கள், வழக்கமாக வைப்பார்கள், ஆனால் தலையைப் பிடி என்றார்கள், செத்தவர் தலையை யார் அவ்வளவு பதறிப் பிடிப்பார்கள், அதற்கும் பிடிப்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் கணக்கில் எழுதுகிற அந்த எனவே வரவில்லை.

டிக் என்று ஒரு சத்தம். பிறகு ஒரு உறுமல், மெல்லத் தொடங்கி நேராகி நிலைத்தது. புஸ், புஸ், புஸ். கரண்ட் வந்துவிட்டது. யாரும் அணைக்காமல் போன மெஷின் தானாக ஓடத் தொடங்கியிருக்கிறது. கீ கீ இல்லை. பாட்டிலில் தண்ணீர் குமிழியிடுவதுகூடக் கேட்டது, நான் கேட்டதிலேயே இவ்வளவு ஒழுங்காக ஓடிய மெஷின் இல்லை. நான் எதுவும் செய்யவில்லை. எதையும் நான் சரிசெய்யவில்லை. யாரோ உள்ளே வந்தார்கள், கொலுசோ வளையலோ, பிறகு போன் உரசியது. "யாரு லைன்ல?" வயதான பெண்குரல். நான் ஆக்சிஜன் கம்பெனியிலிருந்து, நீங்க மெகருன்னிசா அக்காவா, அவர் எப்படி இருக்கார்? "ஏத்திட்டாங்கம்மா. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. மூச்சு இருக்குன்னு அந்தத் தம்பி சொன்னுச்சு. ஆனா நா கூப்புட்டேன், என்ன அடையாளம் தெரியல அவருக்கு. முப்பது வருசமா எதுத்தாப்ல இருக்கேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "சௌந்தரம் செருப்புகூடப் போடாம வண்டியில ஏறிருச்சு. நா இப்ப அதக் கொண்டுபோகணும், வீட்டப் பூட்டணும். இந்த மெஷினு ஓடுதேம்மா. டியூப்புலேருந்து காத்து ஜில்லுனு வருது, தலகாணிமேல பட்டுக்கிட்டிருக்கு. நிறுத்திரட்டா?"

நிறுத்த வேண்டியதுதான். ஆளில்லாத மெஷினை ஓடவிடக்கூடாது, அதற்கு ஒரு படி இருக்கிறது, சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றவும். வாயைத் திறந்தேன்.

"என்னம்மா, நிறுத்தவா வேணாமா?"

"கொஞ்ச நேரம் ஓடட்டும்கா," என்றேன்.

"ஆளில்லாமயா?"

"ஆமாக்கா."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கட்டில் கிறீச்சிட்டது, அதில் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை, எதுவும் கேட்கவுமில்லை.